தணலும் அண்டை வீடும்

நம் தமிழில் ‘சுடுதல்’ என்னும் சொல்லுக்குள்ள தாராள மனம் வியப்புக்குரியது. அப்பம் சுடுகிறோம், தோசை சுடுகிறோம், எண்ணெய்ச் சட்டியில் மிதக்கும் வடையையும் சுட்டெடுப்பதாகவே சொல்கிறோம். சூளையில் செங்கல் வேவதற்கும் அதே சொல்தான். அரபி மொழியோ இவ்விஷயத்தில் கண்டிப்பான கணக்குப் பிள்ளையைப் போன்றது. நீரில் வெந்தது ‘மஸ்லூக்’. எண்ணெயில் பொரிந்தது ‘மக்லீ’. நேரே நெருப்பில் காட்டிச் சுட்டது ‘மஷ்வீ’. பழுக்கக் காய்ந்த கற்களிடையே வைத்து வேகச் செய்த ஊன் ‘ஹனீத்’. ஒன்றன் பெயரை மற்றொன்றுக்கு வைக்க அம்மொழி எளிதில் இடங்கொடாது.

ஆயினும் அரபிச் சொற்கள் நம் நாட்டுக்கு வந்து படும் பாட்டையும் காண்கிறோம். நெடுஞ்சாலை ஓரத்து உணவகங்கள் தோறும் இந்நாளில் ‘அல்ஃபஹம்’ என்னும் பலகை தொங்குகிறது. அச்சொல்லுக்கு அடுப்புக் கரி என்பதே பொருள். கரித் தணலில் சுட்ட கோழி என்னும் நீண்ட தொடரில் கோழியும் போய், சூடும் போய், கரி மட்டும் எஞ்சிவிட்டது. “அரை அல்ஃபஹம் கொண்டு வா” என்று நம் இளைஞர்கள் ஆணையிடுவதைக் கேட்கும்போதெல்லாம், கறி உண்ணப் போனவர்கள் கரி கேட்கிறார்களே என்று நமக்குள் நகைத்துக்கொள்வதுண்டு. அரபி பயிற்றுவிப்போருக்கு வாய்த்திருக்கும் சின்னஞ்சிறு இன்பங்களுள் இதுவும் ஒன்று.

தீயில் வாட்டிய உணவுக்குப் பெரிய வமிசாவளி உண்டு. முன்பின் அறியாத விருந்தினர் வாயிலில் வந்து நின்றதும், நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தாமதமின்றிச் சுட்ட கன்றின் இறைச்சியைக் கொண்டுவந்து வைத்த வரலாறு திருமறையின் ஹூத் அத்தியாயத்தில் இடம்பெற்றிருக்கிறது. அங்கே ஆளப்பட்டிருக்கும் சொல் ‘ஹனீத்’ என்பதே. வந்தவர்கள் வானவர்கள், ஆதலின் அவர்களின் கை உணவின்பால் நீளவில்லை.

தமிழ் இலக்கியத்தின்பால் திரும்பினால், பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளிக்கும் விருந்து நினைவுக்கு வருகிறது. இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைப் பொருநர்கள் சூடு பொறாமல் வாயின் இப்புறமும் அப்புறமுமாக மாற்றி மாற்றித் தின்றனர் என்று புலவர் பாடியிருக்கிறார். இன்று கொல்லைப்புறத்துத் தணலைச் சுற்றி நிற்கும் நம் பிள்ளைகளும் அதே வித்தையைத்தான் செய்கிறார்கள்.

வழக்கத்தில் இல்லாத உணவு தணலில் வரும்போது என்ன செய்வது என்பதற்கும் முன்மாதிரி உண்டு. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட ‘ளப்பு’ ஒன்று பெருமானார் (ஸல்) அவர்களின் முன் வைக்கப்பட்ட நிகழ்ச்சியை ஸஹீஹுல் புகாரியில் ஓதியிருக்கிறோம். தமிழில் உடும்பு என்று இதனை எழுதிவிடுகிறார்கள். நம் ஊர் உடும்பு ஊனுண்ணி. அரபு நாட்டு ளப்போ இலை தழைகளைத் தின்னும், முள்வால் கொண்ட பாலைப் பிராணி. பெருமானார் அதனின்றும் கையை எடுத்துக்கொண்டார்கள். அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் இது விலக்கப்பட்டதா என்று வினவ, இல்லை, எம் மக்களின் நிலத்தில் இது இல்லாமையால் மனம் செல்லவில்லை என்னும் கருத்தில் விடை வந்தது. காலித் (ரலி) தம் பக்கம் இழுத்து உண்டார்கள், பெருமானார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாம் உண்ணவுமில்லை, உண்பவரைத் தடுக்கவுமில்லை. பாடம் நடத்தும்போது நாம் நெடுநேரம் நின்றுவிடும் இடங்களுள் இதுவும் ஒன்று.

நாம் ஓதிய மதரஸாவில் கிரில் அடுப்பும் இல்லை, கம்பி வலையும் இல்லை. 1980களின் பிற்பகுதி அது. இரவுச் சோறு இறக்கியபின் பெரிய அடுப்பில் எஞ்சும் தணலே எங்கள் சொத்து. இஷாத் தொழுகைக்குப் பின், சமையற்காரர் கண்ணயரும் நேரம் பார்த்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் முழு வெங்காயத்தையும் சாம்பலில் புதைப்போம். பலாக்கொட்டை கிடைத்தால் அதன் தோலைக் கீறிவிட்டுத்தான் இடவேண்டும். இல்லையேல் அது வெடிக்கும் ஓசையில் சமையற்காரர் விழித்துவிடுவார். மேல் தோல் கருகிய வெங்காயத்தை உரித்தால் உள்ளே பாலாடை போல் வெந்திருக்கும். உப்பைத் தவிர அதற்கு வேறொன்றும் வேண்டுவதில்லை. பிற்காலத்தில் எத்தனையோ வலீமா விருந்துகளில் அமர்ந்திருக்கிறோம்; அந்த வெங்காயத்துக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை என்று சொன்னால் வீட்டார் கோபித்துக்கொள்வர். ஆதலால் இத்துடன் விடுகிறோம்.

எமது ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையை ஒட்டியது. வளைகுடாவில் பணிபுரியும் எம் மருமகன் 2023ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி விடுமுறையில் வந்தபோது, மடக்கிக் கொண்டுவரத்தக்க இரும்புக் கிரில் அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். நான்கு கால், ஒரு பெட்டி, மேலே கம்பி வலை; அவ்வளவுதான். குர்பானி இறைச்சியைக் கொல்லைப்புறத்தில் சுடவேண்டும் என்பது அவருடைய அவா. பிள்ளைகள் துள்ளினர். எம் துணைவியார் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “புகை எந்தப் பக்கம் போகும்?”

அது ஆனி மாதம். தென்மேற்குக் காற்றுக் காலம். எமக்குக் கிழக்கே ஒரே ஒரு சுவரை இடையிட்டு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீடு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவினர். முப்பது ஆண்டுப் பழக்கம். பெருநாள்தோறும் அவர் வீட்டுக்குச் சமைத்ததை அனுப்பாமல் அரிசியும் சர்க்கரையும் பழமும் அனுப்புவோம். பொங்கல்தோறும் அங்கிருந்து கரும்பும் பனங்கிழங்கும் வரும். 2021இல் அவருடைய துணைவியார் காலமானார். மக்கள் இருவரும் வெளியூர்களில். அதன்பின் மோர்ச்சோறும் ஊறுகாயுமாகத் தாமே பொங்கித் தின்றுகொண்டு, எம் திண்ணைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். அழைத்தால் “பிறகு வருகிறேன், ஆலிம்சா” என்பார். அந்தப் ‘பிறகு’ இரண்டு ஆண்டுகளாக வரவேயில்லை.

குழம்பு சமைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அறிவுறுத்தியதை நாம் அறிவோம். குழம்புக்கு அது எளிது. ஒரு செம்பு நீர் போதும். தணலில் சுட்டதை எந்த நீரை ஊற்றிப் பெருக்குவது? கம்பி வலையில் பத்துத் துண்டு வைத்தால் பத்துத் துண்டுதான். அதன் மணமோ தட்டுக்கு முன்னே சுவரைத் தாண்டிவிடுகிறது. அதிலும் அந்த மணம் சென்று சேருமிடம் ஊன் உண்ணாதவரின் வீடாக இருந்தால், மணமே தொல்லையாகிவிடும். கிரில் அடுப்பை மணலில் நிறுத்திவைத்துவிட்டு அன்று மாலை இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். முடிவு துணைவியாருடையது. அடுப்பைக் கொல்லையின் மேற்குக் கோடிக்கு நகர்த்துவது. இறைச்சி படுமுன் புதுக்கம்பியில் காயும் கனியும் முதலில் சுடுவது. சுட்டதில் முதல் தட்டு சுவருக்கு அப்பால் செல்வது.

கரிக்கு எம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. நிலத்தையெல்லாம் கவர்ந்துகொண்டதாக நாம் ஏசும் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கி ஊர் ஊராக அனுப்புகிறார்கள். பற்றவைக்கச் சிரட்டை நல்லது. நின்று எரிவது கருவேலங்கரியே. சுவாலை வீசும் நெருப்பில் சுடலாகாது. கரி முழுதும் பற்றி மேலே வெண்ணீறு பூக்கும்வரை அரைமணி நேரமாவது பொறுக்கவேண்டும். மருமகனுக்கு அந்தப் பொறுமை இருந்தது, பிள்ளைகளுக்கு இல்லை. தணலை ஒரு பக்கமாகக் குவித்து மறுபக்கத்தை வெறுமையாக விட்டால், கருகத் தொடங்குவதை அப்பால் தள்ளிவைக்க இடம் கிடைக்கும். மழை வந்துவிட்டதே என்று அடுப்பை அறைக்குள் தூக்கிச் செல்வோர் உளர்; புகையே காணாத தணலும் மூடிய அறையில் உயிரைக் குடிக்கும் நச்சுக் காற்றை உமிழும் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவைக்கிறோம்.

சோளக்கதிரும் அன்னாசியும் எவரும் அறிந்தவை. “தர்பூசணியைச் சுட்டால் என்ன ஆகும், அப்பா?” என்று எம் பேத்தி அவள் தந்தையைக் கேட்டாள். அவர் சிரிக்காமல் செய்து காட்டினார். இரண்டு விரல் கனத்துக்கு வெட்டி, உப்புத் தடவி, வடிந்த நீரைத் துடைத்து, நன்கு காய்ந்த கம்பியில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். நீர் வற்றிச் சதை இறுகிவிடுகிறது. பழத்தின் இனிப்பு கம்பி பட்ட இடத்தில் பழுப்பேறுகிறது. எலுமிச்சைச் சாறும் மிளகுத் தூளும் தூவிச் சூட்டோடு தின்றால் நன்றாகவே இருக்கிறது. ஆறிவிட்டால் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நலம். வளைகுடாவில் ‘ஹல்லூம்’ என்னும் பாற்கட்டியை இவ்வாறு வாட்டித் தருவார்களாம். நம் பக்கம் அதற்குப் பனீர் போதும். காய்ந்த பாலில் புளிப்பிட்டுத் திரித்தெடுப்பதாகையால் அது தணலில் உருகி ஒழுகாமல் நிற்கிறது.

எல்லாவற்றினும் சிறந்தது வாழைப்பழம். உரிக்காமல் நீளவாக்கில் ஒரு பக்கம் கீறி, உள்ளே கருப்பட்டித் தூளும் சிறிது ஏலமும் திணித்து, தோலோடு தணலோரம் வைத்துவிட வேண்டும். தோல் கன்னங்கரேலென்று ஆகும்போது உள்ளே கருப்பட்டி பாகாய்ப் பழத்தோடு கலந்திருக்கும். தோலே பாத்திரம், கரண்டியால் வழித்துத் தின்னலாம். பல் இழந்த முதியவர்களுக்கு இதைவிட ஒரு விருந்து உண்டோ!

அந்த முதல் தட்டில் சோளமும் அன்னாசியும் பழமும் வைத்துப் பேத்தியிடம் கொடுத்தனுப்பினோம். சற்று நேரத்தில் தட்டுத் திரும்பியது. வெறுந்தட்டாகத் தருவது தமிழ் வீடுகளின் வழக்கமன்று. அதில் நான்கு பச்சைக் கத்தரிக்காய்கள் இருந்தன, அவர் கொல்லையில் காய்த்தவை. அவர் உண்டாரா இல்லையா என்பது தெரியவில்லை. “தட்டைத் திருப்பும் மரியாதை, அவ்வளவுதான்” என்றோம் நாம். “இல்லை. இதையும் சுட்டுப் பாருங்கள் என்கிறார்” என்றார் துணைவியார். அவ்வாண்டு அந்த வழக்குத் தீரவில்லை.

இறைச்சியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அதில் நம் வாசகர்களுக்குக் கற்பிக்க நாம் யார்? பச்சைப் பப்பாளியை அரைத்துப் பூசினால் முற்றிய இறைச்சியும் மெதுவாகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் கூழாகும் என்பதை மட்டும் குறிப்போம். ஈரலைத் தணலில் நிறம் மாறி உட்புறமும் வெந்த கணத்தில் எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் தோற்செருப்புத்தான். சுவரொட்டி என்னும் மண்ணீரலை எம் உம்மா தணலில் சுட்டு, சோகை பிடித்த பிள்ளைகளுக்கு உப்பும் மிளகும் தூவிக் கொடுப்பார்கள். இன்று பலரும் அதைத் தொடுவதில்லை. தணல் வந்த பின் எம் வீட்டில் அதற்கு மறுபடியும் மரியாதை வந்திருக்கிறது.

மீன், வாழை இலைக்குள் செல்லவேண்டும். இலையை முதலில் அனலில் காட்டி வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது கிழியாது. தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்துப் பூசிய விளைமீனுக்கு இலையின் மணமே பாதி மசாலா. பக்தாதில் திஜ்லா நதிக்கரையில் ‘மஸ்கூஃப்’ என்று ஆற்று மீனை முதுகுப் பக்கம் பிளந்து விரித்து, குச்சிகளில் நிறுத்தி, நெருப்பின் பக்கவாட்டு வெம்மையில் மெல்ல மெல்லச் சுடுகிறார்கள். நெருப்பின்மேல் வைக்காமல் நெருப்பின் அருகே நிறுத்துவது அவர்கள் கண்ட நுட்பம்.

கணவாயில்தான் எம் வீட்டில் சட்டப் பிரச்சினை எழுந்தது. நாம் ஷாஃபி மத்ஹபினர். கடலில் வாழ்பவற்றுள் கணவாய் எமக்குத் தடையில்லை. எம் மருமகன் வாணியம்பாடிப் பக்கத்து ஹனஃபிக் குடும்பத்தவர். கடல்வாழ் பிராணிகளுள் மீன் அன்றி வேறு அவருக்கு ஆகாது. கணவாயை நாம் தணலில் இட்டு, இரண்டு நிமிடத்தில் எடுத்து (அதற்கு மேல் போனால் இரப்பர்), சுவைத்துக்கொண்டிருக்க, அவர் தயங்கித் தயங்கி, “மாமா, அந்தக் கம்பியில் என் இறைச்சியை வைக்கலாமா?” என்று ஃபத்வா கேட்டார். கம்பியைக் கழுவித் துடைத்து வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

இது நடந்தது 2024ஆம் ஆண்டுப் பெருநாள் மாலையில். அந்தக் கம்பியின் ஈரம் உலர்வதற்குள் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. தமிழாசிரியர் நின்றிருந்தார். ஒரு கையில் பை நிறையக் கத்தரிக்காய். மறு கையில் அவர் வீட்டு இரும்புக் கம்பிச் சல்லடை. உள்ளே வந்து, இறைச்சித் தட்டுகளின் பக்கம் பாராமல், தணலை மட்டும் சற்று நேரம் பார்த்தார்.

“தணல் பொதுவாக இருக்கட்டும், கம்பி வேறாக இருக்கலாமா, ஆலிம்சா?”

மருமகனின் முகம் சற்றே சுருங்கியதைக் கண்டோம். வீட்டுக்கு வந்தவர் நம் பாத்திரத்தை ஒதுக்குகிறாரே என்னும் எண்ணம் இளைஞர்களுக்கு வருவது இயல்பே. வேற்றுச் சமயத்தாரின் பாத்திரங்களில் உண்ணலாமா என்று அபூ ஸஃலபா (ரலி) அவர்கள் பெருமானாரிடம் கேட்ட கேள்வியை அவர் காதோடு நினைவூட்டினோம். வேறு பாத்திரம் இருப்பின் அவற்றில் உண்ணவேண்டாம், இல்லையெனில் கழுவிக்கொண்டு உண்க என்பது அங்கே கிடைத்த விடை. நம் பெரியோர் கேட்டதையே இவரும் கேட்கிறார். மேலும், கணவாய் பட்ட கம்பியைப் பற்றிக் கால்மணி நேரத்துக்கு முன் கேட்டவர் யார்? மருமகன் சிரித்துவிட்டார். எழுந்து சென்று, தணலில் ஒரு பகுதியைப் பிரித்து, மூன்று செங்கல் கூட்டித் தனி அடுப்பாக்கி, “ஐயா, இங்கே வையுங்கள்” என்றார்.

கத்தரிக்காய் சுடுவதில் ஆசிரியர் கைதேர்ந்தவர் என்பதை அன்றுதான் அறிந்தோம். கத்தி முனையால் ஆங்காங்கே குத்திவிட்டார், இல்லையேல் வெடிக்குமாம். திருப்பித் திருப்பி, தோல் முழுதும் கருகி, காய் தன் வடிவு இழந்து தளர்ந்து சாயும்வரை விட்டார். எடுத்ததும் சட்டியில் இட்டு மூடிச் சிறிது நேரம் வியர்க்க வைத்தார். தோலுரிக்கும்போது எம் பேத்தி நீரூற்ற வந்தாள், “நீர் படக்கூடாது, கண்ணு. புகை மணம் போய்விடும்” என்று தடுத்தார். “அவள் அப்படித்தான் செய்வாள்” என்று தாழ்ந்த குரலில் சொன்னது எமக்கு மட்டும் கேட்டது. அதற்கு நாம் ஒன்றும் சொல்லவில்லை.

பாதியைப் புளி, மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய் கூட்டிப் பிசைந்தார். மறுபாதியை எம் மருமகன் வாங்கி, கொண்டுவந்திருந்த எள் விழுதும் பூண்டும் எலுமிச்சையும் தயிரும் சேர்த்து, அரபு நாட்டு ‘முதப்பல்’ செய்தார். ஆசிரியர் தம் வீட்டிலிருந்தே கிண்ணம் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் சுவைத்தார்.

“இதற்கு உங்கள் அரபியில் என்ன பெயர்?”

“காய்க்குப் ‘பாதிஞ்ஜான்’ என்று பெயர், ஐயா. பாரசீகத்தின் வழியாக நம் நாட்டிலிருந்தே அங்கே சென்ற சொல் என்பார்கள்.”

“நம் பழைய பெயர் வழுதுணங்காய். இது வாட்டு. வழுதுணங்காய் வாட்டு. புல்வேளூர்ப் பூதன் ஔவைக்கு வரகரிசிச் சோற்றோடு இதைத்தான் போட்டான். உலகையே விலையாகப் பெறும் என்று கிழவி பாடிவிட்டுப் போனாள்.” பிறகு எம் துணைவியாரைப் பார்த்து, “மோர் இருக்குமா அம்மா, புளித்ததாக?” என்றார். பயன்படுத்தாத புதுச் செம்பில் மோர் வந்தது. பூதன் விருந்தில் மோரும் உண்டு என்பதைத் தமிழ் படித்தோர் அறிவர்.

போன ஆண்டுத் தட்டின் வழக்கும் அன்று தீர்ந்தது. “அந்தக் கத்தரிக்காய்களை என்ன செய்தீர்கள்?” என்று அவரே கேட்டார். குழம்பில் போட்டுவிட்டதாகத் துணைவியார் சொல்ல, அவர் தலையில் அடித்துக்கொண்டார். துணைவியார் எம்மைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

இஷா பாங்கு ஒலிக்கும்வரை அவர் அமர்ந்திருந்தார். இறுதியில் கருப்பட்டி வைத்த வாழைப்பழம் அவருடைய சல்லடையிலேயே வெந்தது. ஷாஃபியும் ஹனஃபியும் சைவரும் வேறுபாடின்றி உண்டது அது ஒன்றுதான். அதன்பின் திண்ணைக்கு வரத் தொடங்கினார். எல்லா நாளும் இல்லை. வாரத்தில் இரண்டு மாலை, சில வாரம் ஒன்று. அவருடைய மக்களிடமிருந்து தொலைபேசி வரும் நாளில் வருவதில்லை.

2025ஆம் ஆண்டுப் பெருநாளுக்கு மருமகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அடுப்பை யார் மூட்டுவது என்று நாம் யோசித்துக்கொண்டிருக்க, அஸருக்குப் பின் ஆசிரியரே சிரட்டையும் தீப்பெட்டியுமாக வந்துவிட்டார். எள் விழுது தீர்ந்துவிட்டது. அது இராமநாதபுரத்துக் கடைகளில் கிடைக்குமா என்று வினவினார். வீட்டிலேயே செய்யலாம் என்றோம்: தோல் நீக்கிய எள்ளை நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவிட்டு, சிறிது நல்லெண்ணெய் விட்டு வெண்ணெய் போல் அரைக்கவேண்டும், எள் சிவந்துவிட்டால் கசக்கும். அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அன்று அவர் அரைத்துக் கொண்டுவந்தது சற்றுக் கசந்தது. சிவக்க வறுத்திருக்கிறார். நாம் ஏதும் சொல்வதற்குள் அவரே கிண்ணத்தை அப்பால் நகர்த்திவிட்டு, “என்ன சொன்னாலும் சரி, ஆலிம்சா, புளி படாத கத்தரிக்காய் கத்தரிக்காயே அல்ல” என்று தம் சட்டியைத் திறந்தார்.